சரிவுக்கு ஏற்ற புல்வெட்டி மிஷின்

3-11-57, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். ஊருணி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. புல் முழங்கால் உயரம்.

கருப்பாயி தன் ஆட்களோடு வந்தாள், பன்னிரண்டு அரிவாள். மேல்பக்கம் மட்டும் அறுத்து, ஆளுக்கொரு கட்டு தலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூலி கிடையாது, அறுத்த புல்லே கூலி. வீட்டில் மாடு நிற்கிறவர்களுக்கு அது போதும். ஆனால் மேலே அறுத்து முடிப்பதற்குள் கீழே வளர்ந்துவிடுகிறது. கீழே போனால் மேலே. எனக்கு இந்த மேஸ்திரி வேலையில் ஆறு வருஷமாக இதே பாடு.

பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டார். (இனிமேல் மு. என்றே எழுதுவேன். விரல் வலிக்கிறது.) மலேயாவிலிருந்து திரும்பி வந்து இந்த மேட்டில் பங்களா கட்டி, நாலு ஏக்கருக்குப் புல் போட்டவர். அங்கே அவர் இருந்த தோட்டத்தில் துரை பங்களா முன்னால் புல் கம்பளம் விரித்த மாதிரி இருக்குமாம். அந்தத் துரை வருகிற மாதக் கடைசியில் இங்கே வந்து நாலு நாள் தங்கப்போகிறார்.

"சுப்பையா, அதுக்குள்ள இங்கயும் கம்பளமா இருக்கணும். மிஷின் வாங்கிருவோம். ஏறி உக்காந்து ஓட்டுற மிஷின். நீயே பாத்து எது தோதுன்னு சொல்லு. ஒனக்குத்தான் மிஷின் தெரியுமே."

எனக்கு மிஷின் தெரியும் என்று அவருக்குச் சொன்னது யார்? நான்தான். போன சித்திரையில் கிணற்று எஞ்சின் நின்றுபோனபோது கோபத்தில் ஓர் உதை விட்டேன். ஓடிவிட்டது. அன்றிலிருந்து மிஷின் தெரிந்தவன். எட்டாவது பாஸ், அதுவும் ரெண்டாவது தடவை என்பது மு.வுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது:
திருச்சி போக வேண்டும்.
அக்கா மகன் ராசு வேலை பார்க்கும் மிஷின் கடையில் விசாரிக்க வேண்டும்.
குடைக்கம்பி ரெண்டு முறிந்தது, மாற்ற வேண்டும்.
மிஷினைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

5-11-57, செவ்வாய்

திருச்சி. போகும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு, வரும்போது ஒரு மூட்டை மல்லியின் மேல். சட்டை இன்னும் மணக்கிறது.

ராசு ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான். காக்கிச் சட்டை, கையெல்லாம் கிரீஸ். எங்கள் மகள் தனத்துக்கு அத்தை மகன், முறை மாப்பிள்ளை. அவள் தொட்டிலில் கிடந்தபோதே அக்கா பேசி வைத்தது. நல்ல பையன். கடைக்காரர் பக்கத்திலேயே நின்றதால் என்னை "சார்" என்றான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு "மாமா" என்றான்.

பார்த்தது மூன்று:

1. கையால் தள்ளுவது. நாலு ஏக்கர் தள்ளினால் தள்ளுகிறவனைத்தான் அப்புறம் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

2. சீமை மோட்டார் மிஷின். பெட்ரோல். முன்னால் சுழலும் கத்தி உருளை. பின்னால் இரும்பு ரோலரின் மேல் ஆசனம். பச்சைப் பெயிண்டு, முகம் தெரிகிற பளபளப்பு. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஏதோ ஜில்லா கலெக்டர் மாதிரி இருந்தது. இறங்க மனசில்லை.

3. மூலையில் சாக்குப் போட்டு மூடியது ஒன்று. மாடு கட்டி இழுப்பது. இதற்கும் ஆசனம் உண்டு. நாலு தோல் பை தொங்கியது.

"இது என்னாப்பா பையி?"

"பூட்ஸ் மாமா. மாட்டுக்கு. கொளம்பு பட்டு புல்லு பெயர்ந்துரக் கூடாதுல்ல, அதுக்கு."

மாட்டுக்குப் பூட்ஸ். வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைக்காரரும் சிரித்தார். "அதை விடுங்க, யாரும் கேக்குறதில்ல. மூணு வருசமாக் கெடக்கு" என்றார்.

வெளியே டீக்கடையில் ராசு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: மோட்டார் மிஷின் இந்தப் பக்கம் ஒன்று விற்றுவிட்டால் புதுக்கோட்டையில் கிளை வைக்கப்போகிறார்களாம். கிளைக்கு அவன்தான் பொறுப்பாம்.

"ஒங்க மொதலாளி வாங்கிருவாருங்களா மாமா?"

"நான் சொன்னா வாங்கிருவாரு" என்றேன். ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த திமிர்.

இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்று கொடுத்தான், படத்தோடு. பஸ்ஸில் விரித்து வைத்துக்கொண்டு படம் பார்த்தேன். பக்கத்து ஆள் நான் படிக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி இடம் கொடுத்தார்.

6-11-57, புதன்

வெயில், மழை, வெயில். அக்கா கீரனூரிலிருந்து மத்தியானப் பஸ்ஸில். வரும்போதே வாசலில் பேச்சு ஆரம்பம்.

"தம்பி, ராசு எல்லாம் சொன்னான். கிளை கெடச்சா தையில பரிசம் போட்டுருவோம். கெடக்கலைன்னா அவன் திருச்சியிலயே ஒரு ரூம்புல எட்டுப் பேரோட படுத்துக் கெடக்கான், பொண்ணை எங்க வச்சுப் பொழைப்பான்? ஒன் கையிலதான்டா இருக்கு."

என் வீட்டுக்காரி சிவகாமி காப்பி கொடுத்தாள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கொறச்சல். ஆனா நல்லாருக்கு" என்றாள். அக்கா ஒன்றை நல்லது என்று சொல்லி நான் கேட்டது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை. என்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தனம் அடுப்படியை விட்டு வரவில்லை. அங்கே வளையல் சத்தம் மட்டும் நின்று நின்று கேட்டது.

7-11-57, வியாழன்

சாயங்காலம் தனத்தைப் புஸ்தகம் படிக்கச் சொன்னேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். முதல் தடவையிலேயே. தாயைக் கொண்டு பிறந்தது.

நன்றாகத்தான் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். கத்தி ஆறு. பெட்ரோல் இவ்வளவு. எண்ணெய் இன்ன இடத்தில். கடைசிப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

"அம்புட்டுத்தானா?"

"அடியில பொடி எழுத்துல கொஞ்சம் இருக்குப்பா."

"படி."

"சமமான தரைக்கும் லேசான ஏத்த எறக்கத்துக்கும்தான் இந்த மிஷினாம். ஈரமா இருக்குற சரிவுல ஆளு உக்காந்து ஓட்டக் கூடாதாம். ரோலர் வழுக்கும், பிரேக் பிடிக்காதுன்னு போட்டிருக்கு."

நம் புல் மூன்று தினுசு. பங்களா முன்னால் சமம். நடுவில் மேடும் பள்ளமும். கடைசியில் ஊருணிப் பக்கம் வீட்டுக் கூரை மாதிரி இறங்கும். இந்த மாசம் ஈரம் இல்லாத நாள் எது?

"இந்தப் பக்கத்தை மட்டும் படிக்காம விட்டுரலாமான்னு நெனச்சேன்ப்பா."

"ஏன் ஆத்தா?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மாட்டுக்குச் சிவகாமி ஏற்கனவே காட்டியாகிவிட்டது.

9-11-57, சனி

மிஷின் தெரிந்தவன் பரிசோதனை செய்ய வேண்டாமா? தோட்டத்தில் ஒரு பூசணிக்காய் பறித்தேன், நல்ல கனம். சரிவு விளிம்பில் நடுகல் மாதிரி ஓர் எல்லைக்கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்து, கையை எடுத்தேன்.

முதலில் யோசித்தது. பிறகு உருண்டது. பிறகு குதித்தது. நேரே ஊருணிக்குள். தவளை நாலு வெளியே பாய்ந்தது.

கருப்பாயி கீழே அறுத்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கவில்லை.

"மேஸ்திரி, பூசணிக்காய்க்கு இன்னைக்கு எண்ணெய்க் குளியலா?"

"பரிசோதனை."

"என்னாது?"

விளக்கிச் சொன்னேன். மிஷின் வரப்போகிறது, சரிவில் நிற்குமா என்று பார்க்கிறேன் என்று. அரிவாளைத் தோளில் சாத்திக்கொண்டு கேட்டாள்.

"நின்னா எங்க மாட்டுக்குப் புல்லு போச்சு. நிக்காட்டி மேலே உக்காந்தவன் போனான். நல்ல மிஷினு. நீங்களா ஓட்டப் போறீங்க?"

"மொதல்ல அக்கா மகன்."

"அதான் பூசணிக்காயா."

போய்விட்டாள். பூசணிக்காய் நடு ஊருணியில் மிதக்கிறது. யாரும் எடுக்க முடியாது. இப்போதும் தெரிகிறது, இங்கிருந்து.

10-11-57, ஞாயிறு

மு.விடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "மொதலாளி, மிஷின் நல்ல மிஷின்தான், ஆனா..." அந்த ஆனா வரை நன்றாக வந்தது.

மு. துரைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தலை தூக்காமல், "என்ன சுப்பையா, மிஷின் எப்படி?"

"நல்ல மிஷின்தான் மொதலாளி."

"சந்தோசம்."

திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் ராசுவின் கார்டு. வியாழக்கிழமை லாரியில் மிஷினோடு வருகிறான். மு. முன்னிலையில் ஓட்டிக் காட்டி, பிடித்தால் அன்றே விட்டுவிட்டுப் போவதாம். கீழே ஒரு வரி: "அம்மாவும் வருகிறார்கள். தனத்தைக் கேட்டதாகச் சொல்லவும்." கேட்டதாகச் சொல்லவில்லை. கார்டையே அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். கால் மணி கழித்துப் பார்த்தால் கார்டு இல்லை.

இதற்குமேல் எப்படி வேண்டாம் என்பது?

13-11-57, புதன்

நல்ல மழை. புல் சொட்டச் சொட்ட. மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ரெண்டாம் தடவை ரசம் வாங்கவில்லை என்றதும் சிவகாமி கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லிருங்க."

"சொன்னா கிளை போச்சு. அக்கா எந்திரிச்சுப் போயிருவா. பத்து வருசம் பேச மாட்டா. தனத்துக்கு..."

"சொல்லாட்டி?"

"மொதலாளி வாங்கிருவாரு. கிளை வந்துரும். தையில பரிசம்."

"நாளைக்கு அந்த மிஷின்ல ஏறி உக்காரப் போறது யாரு?"

சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். அவள் தட்டில் மோர் ஊற்றிவிட்டுப் போனாள். எனக்கு இவ்வளவு நாளாக மிஷின் தெரிந்தது, கிளை தெரிந்தது, அக்கா முகம் தெரிந்தது. ஆசனத்தில் ராசு தெரியவில்லை.

நாளைக்கு லாரியிலிருந்து இறக்குவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

14-11-57, வியாழன்

இறக்குவதற்கு முன்பு சொல்லவில்லை.

ஒழுங்காக எழுத வேண்டும்.

மழை விட்டிருந்தது. லாரி ஒன்பது மணிக்கு. மு. சரிகைத் துண்டோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா பட்டுச் சேலை. கையில் எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம். கருப்பாயி கூட்டம் அரிவாளோடு ஓரமாக நின்று வேடிக்கை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா:

"தம்பி, புது வண்டி. எம்மகன் மொதமொதல்ல ஏறுறான். காய் ஒடைக்காம ஏத்துவியா?"

எலுமிச்சம்பழம் ரோலருக்கு அடியில். அது சரி. தேங்காயை ரெண்டாக உடைத்துத் தட்டில் வைக்கலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை.

"தலையச் சுத்துன காயிடா. செதறணும். பிள்ளையாரப் பாத்து ஒடை."

பிள்ளையார் இருப்பது ஊருணிக்கு அக்கரையில். அவர் முகம் தெரிவது சரிவு விளிம்பில் அந்த எல்லைக்கல் பக்கம் நின்றால்தான். போனேன். ராசுவின் தலையை மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்த காயை ஓங்கி அந்தக் கல்லில் அடித்தேன். மனசில் இருந்த எல்லாம் சேர்ந்து அடித்தது போலிருக்கிறது. இருபது சில்லாவது இருக்கும். நான் பொறுக்கினேன். கருப்பாயி ஆட்கள் பருப்போடு இருந்ததைப் பொறுக்கித் தின்றார்கள். எல்லாம் பொறுக்கியாயிற்று என்றுதான் நினைத்தேன். சத்தியம்.

ராசு ஏறினான். எஞ்சின் பிடித்தது. சமத்தரையில் போனான் பாருங்கள், கோடு போட்ட மாதிரி. ஒரு கோடு வெளிர்ப் பச்சை, பக்கத்துக் கோடு கரும்பச்சை. எனக்கே அழுகை வந்தது. மு. எழுந்து நின்று கைதட்டினார். நடு மேட்டில் ஆசனம் குதித்தது, ரோலர் ஒருமுறை பக்கவாட்டில் இழுத்தது. ராசு சமாளித்தான்.

மு. கைத்தடியை நீட்டினார். "தம்பி, கீழயும் ஒரு ஓட்டம் காட்டு. ஊருணி வரைக்கும்."

ராசு என்னைப் பார்த்தான். நான் ராசுவைப் பார்த்தேன். என் வாய் திறந்துதான் இருந்தது, ஒன்றும் வரவில்லை. தனம் வேலியோரத்தில் நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

மிஷின் விளிம்புக்குப் போயிற்று. மூக்கு கீழே சாய்ந்தது. அப்போது டக்கென்று ஒரு சத்தம், பல்லில் கல் கடிபட்ட மாதிரி. கத்தி உருளை நின்றது. எஞ்சின் இருமி, நின்றது. மிஷின் பாதி மேலே, பாதி கீழே பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டது.

ராசு மெதுவாக இறங்கினான். ரோலருக்கு ரெண்டு கல் அண்டக் கொடுத்தான். குனிந்து, குறடு வைத்து இழுத்தான். தேங்காய்ச் சில்லு. சிரட்டையோடு, மூன்று விரல் அகலம். கத்திக்கும் அடிப்பட்டைக்கும் நடுவில் கடித்துக்கொண்டு.

"ஒண்ணும் சேதமில்ல" என்றான். மறுபடி ஏறக் காலைத் தூக்கினான்.

"வேணாம் ராசு. எறங்கு."

யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். நான்தான்.

"சரிவுல இது நிக்காது மொதலாளி. அவங்க புஸ்தகத்துலயே போட்டிருக்கு. எனக்கு ஒரு வாரமாத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா பேசாம இருந்தே?"

"ஆமாங்க."

"ஏன்யா?"

அதற்குப் பதில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்றது. அதற்குள் கருப்பாயி:

"மேஸ்திரி பூசணிக்காய விட்டுப் பாத்தாருங்க மொதலாளி. நேரா தண்ணிக்குள்ள. அந்தா மெதக்குது பாருங்க."

மு. பார்த்தார். சிரிக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு "சரி, மிஷினை மேலே இழுங்க" என்றார். ராசு பிரேக்கைப் பூட்டிவிட்டு அண்டக்கல்லை எடுத்தான். எடுத்ததும் பூட்டிய மிஷின் தானாக ஓரடி வழுக்கியது, ஈரப் புல்லில் சத்தமே இல்லாமல். நானும் லாரி டிரைவரும் கருப்பாயி ஆட்கள் ஆறு பேரும் பாய்ந்து பிடித்தோம். ஆள் உட்கார்ந்திருந்தால்?

மு. சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அக்கா என்னிடம் வந்தாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"பொண்ணு குடுக்க மனசில்லன்னா வாயால சொல்லியிருக்கலாம். எங்கையாலயே காயக் குடுக்க வச்சு, எம்மகன் பொழப்புல ஒடைச்சிட்டியேடா."

கை நனைக்காமல் லாரியிலேயே ஏறிப் போய்விட்டாள். பட்டுச் சேலையோடு லாரியில்.

எல்லாம் போச்சு என்று வந்து படுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். பத்து நாளில் முதல் தூக்கம். வெட்கமாக இருக்கிறது.

15-11-57, வெள்ளி

ஊர் முழுக்க நான் வேண்டுமென்றே சில்லு வைத்ததாகப் பேச்சு. கருப்பாயி கும்பிடுகிறாள். "மூளைன்னா ஒங்க மூளைதான் மேஸ்திரி." கடைத்தெருவில் ஒருவர் தோளில் தட்டி, "எந்த எடத்துல வச்சாக் கத்தி கடிக்கும்னு எப்படிங்க கணக்குப் பண்ணுனீங்க?" என்றார். இல்லை, தெரியாமல் நடந்தது என்றால் கண்ணடிக்கிறார்கள். வாழ்நாளில் என்னைக் கெட்டிக்காரன் என்று ஊர் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் செய்யாத காரியத்துக்கு.

சில்லைச் சிவகாமி சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். திருநீறு பூசியிருக்கிறாள்.

தனம் சோறு போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. "ரசம் வேணுமாப்பா?" என்றாள். ரெண்டு தடவை வாங்கிக்கொண்டேன், அவளுக்காக.

17-11-57, ஞாயிறு

ராசு வந்தான். தனியாக. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றுகொண்டே இருந்தான். உட்கார் என்றதும் உட்கார்ந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். விளிம்புக்குப் போறதுக்கு முன்னாடியே, நடு மேட்டுலயே நான் பிரேக் பிடிச்சேன். பிடிக்கல."

"அப்ப ஏன்யா எறங்கல?"

"அம்மா பாத்துக்கிட்டு நின்னாங்க. மொதலாளி நின்னாரு. நீங்களும் ஒண்ணும் சொல்லல. மாமாவுக்கு மிஷின் தெரியும், ஆபத்துன்னா சொல்லுவாருன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டு எங்கே பார்ப்பது? கூரையைப் பார்த்தேன். நான் அவனுக்குத் தெரியும் என்று இருந்தேன். அவன் எனக்குத் தெரியும் என்று இருந்திருக்கிறான். ரெண்டு கெட்டிக்காரர்களும் சேர்ந்து ஊருணிக்குப் போயிருப்போம்.

அக்காவிடம் சொன்னாயா என்றேன். சொல்லப் போகிறேன் என்றான். அவனுக்கும் அக்காவிடம் பயம்தான். எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

பிறகு அவனே சொன்னது: "கடையில மூலையில கெடக்குதே, மாட்டு மிஷின், அதுதான் மாமா இந்த எடத்துக்கு. மாடு எறக்கத்துல தானா நிதானிக்கும். எஞ்சின் பாரம் கெடையாது, வழுக்காது. ஆனா கடைசிச் சரிவுல அதையும் எறக்க வேணாம். அந்த எடம் அரிவாளுக்குத்தான்."

மூன்று வருஷமாகச் சாக்குக்குள் கிடந்ததைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான்.

தனம் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சீனி அதிகம். ராசு ஒன்றும் சொல்லாமல் குடித்தான்.

18-11-57, திங்கள்

மு.விடம் போனேன். இந்தத் தடவை ஆனாவைத் தாண்டிச் சொன்னேன். சமத்தரைக்கும் நடு மேட்டுக்கும் மாட்டு மிஷின். கடைசிச் சரிவு கருப்பாயி ஆட்களுக்கு, பழையபடி. மிஷின் பெட்டியில் விழுகிற பொடிப் புல்லையும் அவர்களே அள்ளிக்கொள்ளலாம், கன்றுகளுக்கு ஆகும்.

"மாடா? துரை என்ன நெனைப்பாரு?"

"ஏறி உக்காந்து ஓட்டுறதுதான் மொதலாளி. நீங்க கேட்ட மாதிரியே. ஆசனம் இருக்கு."

யோசித்தார். "பந்தாடுற மைதானத்துல மாடு இழுத்து நான் பாத்திருக்கேன், பினாங்குல" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி. நல்லதாகப் போயிற்று.

வெளியே வரும்போது பின்னாலிருந்து: "சுப்பையா, அடுத்த தடவை ஒரு வாரம் காத்திருக்காதே. எம்மேலயா பயம்?"

"ஒங்க மேல இல்லீங்க" என்றேன். உண்மை.

21-11-57, வியாழன்

கடைக்காரர் மிஷினைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மூலை காலியானதில் அவருக்குச் சந்தோஷமாம். கிளை இப்போது இல்லை. ஆனால் புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம் உள்ள மிஷின்களை எல்லாம் ராசுவே வந்து பார்த்துக்கொள்வதென்று ஏற்பாடு. புதுக்கோட்டையில் அவன் தங்க ஒரு ஜாகையும் பார்க்கச் சொல்லிவிட்டாராம். எட்டுப் பேர் ரூம்பு இனி இல்லை. நல்ல சேதி. அக்காவிடமிருந்து மட்டும் சேதி இல்லை.

பூட்ஸ் சின்னது. சீமையில் மாட்டுக்குக் கால் சிறிசு போலிருக்கிறது. நம் செவலைக்கு ஏறவில்லை. செருப்புத் தைப்பவரைக் கூட்டி வந்து அளவெடுத்தோம். நாப்பது வருஷமாகத் தைக்கிறாராம், நாலு கால் அளவு இதுதான் முதல். "ரெண்டு சோடியா, ஒரு சோடியா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

24-11-57, ஞாயிறு

பூட்ஸ் வந்தது. நாலையும் மாட்டிக் கட்டுவதற்குள் எனக்கு ரெண்டு உதை. கிணற்று எஞ்சினுக்கு நான் கொடுத்தது திரும்பி வந்தது.

செவலை முதலில் அசையவில்லை. குனிந்து காலைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி உதறியது. அப்புறம் அடுத்த கால். கருப்பாயி: "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி நடக்குதே." எல்லோரும் சிரித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தனமும்.

அரை மணியில் பழகிவிட்டது. ஆசனத்தில் ஏறினேன். சமத்தரை, நடு மேடு. மேடு வந்தால் செவலை மூச்சு வாங்கும், இறக்கம் வந்தால் தானே நிதானிக்கும். எனக்கு வேலையே இல்லை. குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை. கோடு மட்டும் கொஞ்சம் வளைகிறது. கலெக்டர் மாதிரி இல்லை, ஆனால் பயமும் இல்லை.

27-11-57, புதன்

அக்கா.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரவில்லை. குடையோடு நேரே பங்களா மேட்டுக்குப் போனாளாம். கருப்பாயி ஓடி வந்து சொன்னாள். போய்ப் பார்த்தேன். விளிம்பில் எல்லைக்கல் பக்கம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பத்தடி தள்ளியே நின்றேன்.

ஒரு காலை முன்னால் வைத்துப் பார்த்தாள். வழுக்கியது. கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கிட்டாடா எம்புள்ள எறங்கப் போனான்?"

"ஆமாக்கா."

"ராசு சொன்னான். பிரேக்கு நிக்கலன்னு. நேத்துத்தான் சொன்னான், தடிமாடு." மூக்கைச் சிந்தினாள். "நீ வேணுமின்னுதான் சில்லைப் போட்டேன்னு ரெண்டு வாரமா ஒன்னைய வையாத நாளு இல்ல."

"இல்லக்கா. எனக்கு அவ்வளவு மூளை கெடையாது."

"அதுவும் அப்புறந்தான்டா ஞாபகம் வந்துச்சு."

வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டாள். ரசத்தில் புளி தூக்கல் என்றாள். சிவகாமி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி எல்லாம் பழையபடி.

தைவரைக்கும் காத்திருக்க வேண்டாமாம். மார்கழி பிறப்பதற்குள் பரிசம். வருகிற எட்டாம் தேதி.

தனத்திடம் அக்காவே போய்ச் சொன்னாள். அடுப்படியில் பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. வளையல் சத்தம் மட்டும்.

4-12-57, புதன்

குடைக்கம்பி மாற்றியது. (ஒரு மாசம் கழித்து.)
பந்தலுக்கு நாலு கீற்று, வாழை ரெண்டு.
செவலைக்குப் பூட்ஸ் அடித்தோல் தைக்க வேண்டும்.
மு. சீமை பிஸ்கோத்து டின் ஒன்று கொடுத்தார், பொண்ணுக்கு என்று. துரை வருவது ஒரு வாரம் தள்ளிப்போனதாம். வரட்டும். கம்பளம் தயார்.
ஊருணியில் பூசணிக்காய் கரை ஒதுங்கிவிட்டது. உள்ளே அழுகல். புதைத்தேன்.

8-12-57, ஞாயிறு

நல்ல வெயில். பரிசம் நல்லபடியாக முடிந்தது. ராசு வெள்ளைச் சட்டை, கையில் கிரீஸ் இல்லை. தனம் நிமிரவே இல்லை. ஒரு தடவை நிமிர்ந்தாள், நான் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் அக்கா கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என் கையில் வைத்தாள். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. கருப்பாயி சத்தமாக.

"இதையும் நீயே ஒடை."

"ரெண்டாவாக்கா?"

"செதறணும்."

வாசல் கல்லில் அடித்தேன். நன்றாகவே சிதறியது. எல்லோரும் போன பிறகு துடைப்பத்தோடு உட்கார்ந்து பொறுக்கினேன், தட்டில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு சில்லு மட்டும் அகப்படவில்லை. தேடாமல் விட்டுவிட்டேன்.